அறுபத்தோராம் பக்கத்து ஒன்பது விநாடி

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றாம் மாடி முழுக்க அந்தப் பெயர்தான் புழங்கியது. காப்புரிமை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஆய்வாளர். யாராவது ஒரு கருவியைக் கண்டுபிடித்துவிட்டேன், இது எனக்கே சொந்தம் என்று மனுப் போட்டால், அது நிஜமாகவே புதியதுதானா, இதற்கு முன்னால் வேறு யாரும் எங்கேயும் செய்யவில்லையா, எழுதிக்கூட வைக்கவில்லையா என்று தோண்டித் துருவிப் பார்ப்பது அவள் பிழைப்பு. மருத்துவக் கருவிகள் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும்.

"புதுசுன்னு வர்றவங்களை, இல்லைங்க இது பழசுன்னு சொல்லி அனுப்பறதுதான் என் வேலை" என்று தங்கையிடம் ஒருமுறை சொன்னாள்.

"வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைங்களையும் அப்படித்தானே அனுப்பினே" என்றாள் தங்கை, துணி மடித்துக்கொண்டே. அவள் குடும்பத்தோடு கீழ்வீட்டில் இருந்தாள். மாடியில் இரண்டு அறை இவளுக்கு. ஐம்பதைத் தொட இன்னும் ஒரு வருஷம். கல்யாணம் என்ற பேச்சு அந்த வீட்டில் எடுபடாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கோப்பு வந்தது. படுக்கையில் இருக்கும் நோயாளியைக் கேமராவால் கண்காணிக்கும் அமைப்பு. மனு போட்டது ஒரு சின்னக் கம்பெனி. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதல் பெயராக, ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவர். அதுவே அவளுக்கு ஆச்சரியம். அந்த இடத்தில் எஞ்சினியர்கள் வருவார்கள், பேராசிரியர்கள் வருவார்கள், தாங்களே எதையும் தொட்டுப் பார்க்காத முதலாளிகள்கூட வருவார்கள். நர்ஸ் வந்து அவள் பார்த்ததில்லை.

முன்னுரையைப் படித்தாள். நாற்பது கட்டில் உள்ள வார்டில் இரண்டு கண்ணோடு ஒருத்தி நிற்கிறாள். ஒரு கட்டிலில் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கட்டிலில் மூச்சு நின்றால் அவளுக்கு எப்படித் தெரியும்? பொதுவாக மனுக்களில் இப்படி எழுத மாட்டார்கள். வக்கீல்கள் ஈரம் போகப் பிழிந்து காயப்போட்டு விடுவார்கள். இந்த வரிகள் எப்படியோ தப்பித்திருந்தன.

பிறகு உரிமைக் கோரல்கள். எது தனக்கு மட்டும் சொந்தம் என்று மனுதாரர் வேலி போட்டுக் காட்டும் பகுதி அது. மொத்தம் பதினெட்டு. முதல் கோரல்தான் உயிர்நாடி: படுக்கைக்கு மேலே ஒரு கேமரா. அதன் படங்களிலிருந்து நெஞ்சு ஏறி இறங்குவதைக் கணக்கிடும் ஒரு கருவி. குறித்த நேரத்துக்கு மேல் அந்த அசைவு நின்றால் செவிலியர் மேஜையில் ஒலிக்கும் மணி.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த மணி ஒலிக்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். மதிய வெயிலில், ஒரு ஆய்வகத்தில், நீல வெள்ளைக் கோடு போட்ட போர்வைக்கு அடியில் படுத்தபடி அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று. மேற்படிப்பின் கடைசி வருஷம். உடன் படித்தவன் ஒருவனை வகுப்பில் எல்லோரும் மூச்சு என்று கூப்பிட்டார்கள். பேச ஆரம்பித்தால் நடுவில் மூச்சு விட மாட்டான் என்பதால் வைத்த பெயர். அவன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளும் மூச்சாகவே அமைந்தபோது பெயர் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது. தொடாமல், கம்பி மாட்டாமல், வெறும் கேமராவை வைத்து ஒருவரின் மூச்சை எண்ண முடியுமா என்பது அவன் கேள்வி. அதற்குப் படுக்கையில் யாராவது கிடக்க வேண்டும். நண்பர்களைக் கேட்டான். இரண்டு நாள் வந்தவர்கள் மூன்றாம் நாள் காணாமல் போனார்கள். மின்விசிறி போட்டால் போர்வை அசைந்து கணக்கு கெட்டுவிடும் என்று அணைத்து வைத்திருப்பான். யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

அவளுக்கு இருந்தது. முப்பத்தேழு மதியங்கள் போனாள். "தூங்கிடாதே, தூங்கினா மூச்சு மாறிடும்" என்பான். அவள் தூங்கிவிடுவாள். எழுப்ப மாட்டான். தூங்கின மூச்சும் வேணும்தான் என்று சமாதானம் சொல்வான்.

ஒருநாள் பதினோராவது நிமிஷத்தில் போர்வையின் ஒரு ஓரம் நழுவியது. அவன் கேமராவை விட்டு எழுந்து வந்து குனிந்து, அதை அவள் தோள்வரை இழுத்துவிட்டான். அவ்வளவுதான் செய்தான். கை அவள்மேல் படக்கூட இல்லை. ஆனால் அவன் நிமிர்ந்து திரும்பிப் போகும்வரை அவளுக்கு மூச்சு விட வரவில்லை. மணி கிறீச்சென்று அடித்தது. இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"வேலை செய்யுது! இது வேலை செய்யுது!" என்று அவன் குதித்தான்.

ஆய்வேட்டின் வரைவைப் பிழை திருத்த அவளிடம்தான் கொடுத்தான். அந்தப் பகுதியை அவள் படித்தாள். சோதனைக்கு உட்பட்டவர், பெண், வயது இருபத்து மூன்று, ஒன்பது விநாடி மூச்சை நிறுத்தினார். கருவி அதைச் சரியாகக் கண்டுபிடித்து எச்சரித்தது. மூச்சை நிறுத்தியதன் காரணம் தெரியவில்லை. அவள் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான், வேறென்ன!

அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவள் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தங்கை அப்போது பத்தாம் வகுப்பு. பஸ் நிறுத்தத்தில் வழியனுப்பப் போனாள். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான், வழக்கமில்லாத வழக்கமாக நிறுத்தி நிதானமாக.

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள் அவள்.

இரண்டு கடிதம் வந்தது. ஒன்றுக்குப் பதில் போட்டாள். பிறகு அவன் வீடு மாறினான், இவர்களும் வீடு மாறினார்கள்.

இப்போது அந்தக் கோப்பு மேஜைமேல் கிடக்க, நான்கு நாள் கணினியில் தேடினாள். உலகத்துக் காப்புரிமைகள், சஞ்சிகைகள், கருத்தரங்கக் கட்டுரைகள் எல்லாவற்றையும் சலித்தாள். கிட்டத்தில் வருபவை இருந்தன, ஆனால் முதல் கோரலை அப்படியே தொடுவது ஒன்றும் இல்லை. அவன் ஆய்வேடு கணினிக்குள் ஏறியதே இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில், தட்டச்சு செய்த தாளாக இருந்தது. அப்படி ஒன்று இருப்பது இந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் கோப்பு நல்லபடியாகப் போய்விடும். அந்த நர்ஸ் அம்மாவுக்கும் நல்லது. யார் கேட்கப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். கண்ணாடி டம்ளரில் தேநீரை ஆற வைத்து, ஆறிய பிறகு குடிப்பார்.

"சார், ஒரு பழைய ஆய்வேடு இருக்கு. இதை அடிச்சுடும். ஆனா அதுல சோதனைக்குப் படுத்தது நான்."

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "உங்க பேர் அதுல இருக்கா?"

"இல்ல சார். பெண், இருபத்து மூணு வயசு. அவ்வளவுதான்."

"இதுல உங்களுக்கு லாபம் நஷ்டம் ஏதாவது?"

"ஆபீஸ் கணக்குல ஒண்ணும் இல்ல சார்."

"வேற ஆளுக்கு மாத்தலாம். ஆனா அந்தப் புத்தகத்தை எங்க தேடணும்னு அவருக்கு நீங்கதான் சொல்லணும். நீங்களே பாருங்க. என்கிட்ட சொன்னதா ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன்." அவள் கதவருகே போனதும், "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். ஏனோ அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

கல்லூரி, அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிஷம். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அந்த நிறுத்தத்தில் இறங்கியதில்லை.

தூசிக்கு மூக்கை மூடிக்கொண்டு நூலகர் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனார். இரும்பு அலமாரி, மேலிருந்து மூன்றாவது தட்டு. கறுப்பு அட்டை. முதுகில் எழுத்து மங்கியிருந்தது. நூலகத்தில் சேர்ந்த தேதியும் முத்திரையும் உள்பக்கத்தில் தெளிவாக இருந்தன. அதுதான் அவளுக்குச் சட்டப்படி வேண்டியது.

"யார் வேணாலும் எடுத்துப் பார்க்கலாமா?" என்று அலுவலக முறையில் கேட்டாள்.

"யார் வேணாலும் பார்க்கலாம்மா. பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு." நூலகர் கடைசி அட்டையில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். கட்டங்கள் எல்லாம் காலி. "ஆனா ஒருத்தரும் எடுத்ததில்லை."

சட்டத்துக்கு அது பொருட்டில்லை. அலமாரியில் திறந்து கிடந்தது என்றால் உலகமே படித்துவிட்டதாகத்தான் கணக்கு. இதை எத்தனை வக்கீல்களிடம் சொல்லி வாயடைத்திருக்கிறாள்!

படிக்கும் மேஜையில் உட்கார்ந்து அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். மேலே கேமராவிலிருந்து எடுத்த மூச்சின் கோடு. அலை அலையாக வந்து, ஓரிடத்தில் தட்டையாகி, மறுபடி அலை. அதற்குக் கீழே, சரிபார்க்க மூக்கருகே வைத்த வெப்பமானியின் கோடு. அதுவும் அதே இடத்தில் தட்டை. தன் இருபத்து மூன்று வயது மூச்சை விரலால் தொட்டபடி கீழே இருந்த வரிக்கு வந்தாள். வரைவில் அவள் படித்த வரி அங்கே இல்லை. அவன் மாற்றியிருந்தான்.

'இந்த ஒன்பது விநாடிக்கான காரணம் ஆய்வாளருக்குத் தெரியும். அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.'

ஆய்வு செய்தவன் என்று தன்னைத்தான் சொல்லியிருந்தான். அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். தெரிந்திருக்கிறது அவனுக்கு. பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. அதை அச்சடித்து, அட்டை போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருந்த இடத்துக்கு அவள் ஒருத்தி வரவில்லை.

"நகல் எடுக்கணுமாம்மா?" என்று நூலகர் கேட்டார்.

"ஆமாங்க. ஐம்பதிலிருந்து எழுபது வரைக்கும்" என்றாள். குரல் பிசிறடித்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

அறிக்கையை அவள் வழக்கம்போல் எழுதினாள். முதல் கோரல் புதியதல்ல, பார்க்க ஆய்வேடு, பக்கம் அறுபத்தொன்று. நான்கு மாதம் கழித்து மனுதாரர் தரப்பு நேரில் வாதிட நாள் கேட்டது.

விசாரணை அறையில் ஜன்னல் மறைப்பு ஒன்று பாதியில் சிக்கி நின்றது. மேலதிகாரி தலைமை. எதிரே வக்கீல், அவர் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட நர்ஸ். வார்டை நடத்திப் பழகிய அவர் கை, தண்ணீர்ப் பாட்டில்களை எல்லோர் முன்னாலும் சரிசமமாகத் தள்ளி வைத்தது.

வக்கீல் கெட்டிக்காரர். ஆய்வேட்டின் நகலை உயர்த்திக் காட்டினார். "சார், இதே பக்கத்துல என்ன போட்டிருக்கு? அந்த நேரத்துல சோதனை செய்யறவர் குனிஞ்சு போர்வையைச் சரி பண்ணியிருக்கார். அப்ப அவர் உடம்பு கேமராவை மறைச்சிருக்கு. அதனாலதான் அசைவு தெரியல, மணி அடிச்சிருக்கு. மூச்சு நிக்கவே இல்ல. ஆரோக்கியமான இருபத்து மூணு வயசுப் பொண்ணு சும்மா படுத்திருக்கா, எதுக்கு ஒன்பது செகண்ட் மூச்சை நிறுத்தணும்? இது கேமரா செஞ்ச தப்பு. தப்பா அடிச்ச மணியை வெச்சு எங்க கோரலைத் தள்ளக் கூடாது."

மேலதிகாரி அவளைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் வார்த்தை நிதானமாகத்தான் வந்தது. "அதே பக்கத்துல ரெண்டாவது கோடு ஒண்ணு இருக்கு. மூக்குப் பக்கத்துல வெச்ச வெப்பமானி. அதை யாரும் மறைக்கல. அதுவும் அதே ஒன்பது செகண்ட் தட்டையா இருக்கு. மூச்சு நின்னது நிஜம்."

"ஏன் நின்னுச்சு? அதைச் சொல்லுங்க."

"காரணம் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராதுன்னு எழுதியிருக்கு."

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் சிரித்துவிட்டார். அது கேலிச் சிரிப்பல்ல. "விடுங்க வக்கீல் சார். அது கேமரா தப்பில்ல. முப்பத்தோரு வருஷம் வார்டுல நின்னவ நான். மனசுக்குப் பிடிச்சவங்க கட்டில் பக்கம் குனிஞ்சா அப்படித்தான் நிக்கும். ஆஸ்பத்திரியில நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"அம்மா, நீங்க நம்ம கட்சி" என்றார் வக்கீல், தாழ்ந்த குரலில். மேலதிகாரிகூடச் சிரித்தார்.

நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "ஆனா மேடம், அந்த மிஷினுக்கு ஒண்ணு தெரியல. பக்கத்துல இன்னொரு ஆள் வந்து நிக்குதுன்னு தெரியல. எங்களோடது அதைத் தெரிஞ்சுக்கும். கட்டில்கிட்ட நர்ஸ் வந்தா மணியை நிறுத்தி வெச்சு, அவ விலகினதும் மறுபடி எண்ண ஆரம்பிக்கும். நாங்க பாட்டுக்குப் போர்வை மாத்துவோம், ஊசி போடுவோம், ஒவ்வொரு தடவையும் கத்தினா எந்த நர்ஸும் அதை அணைச்சுத்தான் வைப்பா. இது வார்டுல வேலை பார்த்தவளுக்குத்தான் தெரியும்."

அது ஏழாவது கோரலில் ஒரு மூலையில் இருந்தது. அவள் புரட்டிப் பார்த்தாள். அது அந்த ஆய்வேட்டில் இல்லை, வேறு எங்கேயும் இல்லை. "முதல் கோரலோட இதைச் சேர்த்து எழுதிக் கொடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்லை சார்" என்றாள். வேலி கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடப்பட்டது, ஆனால் உள்ளே இருந்தது உண்மையாகவே அந்த அம்மாவுடையது.

எழுந்திருக்கும்போது நர்ஸ் சொன்னார்: "அந்தப் புத்தகம் எழுதினவரைத் தேடிப் பிடிச்சு, அந்த ஒன்பது செகண்டைப் பத்தி நாங்க கேட்டோம். பதில்கூடப் போட்டார்."

அவள் கையிலிருந்த தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்கு செய்தாள். ஏற்கெனவே ஒழுங்காக இருந்த தாள்கள் அவை. கேட்க அவளுக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "அந்தப் பதிலைக் கோப்புல சேர்க்கறீங்களா?"

"அவசியம் இல்ல சார், கோரலைத்தான் திருத்தறோமே" என்றார் வக்கீல். பை மூடும் சத்தம் கேட்டது. கோப்பில் இல்லாததைப் பார்க்க ஆய்வாளருக்கு உரிமை கிடையாது.

காப்புரிமை கிடைத்த வாரத்தில் நர்ஸ் எங்கோ வேலையாக வந்தவர் மூன்றாம் மாடிக்கும் ஏறி வந்தார். கோப்பு மூடியாகிவிட்டது. இனிப் பேசலாம். வராந்தாவில் நின்று ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் பேசினார்கள். கடைசியில் அவள், "அவர் பதில் போட்டார்னு சொன்னீங்களே" என்று இழுத்தாள்.

நர்ஸ் அவளைப் பார்த்தார். கட்டிலில் கிடப்பவர்களைப் பார்க்கிற பார்வை. "அது நீங்கதானா?"

"ரிப்போர்ட்ல அது இல்லைங்க."

"நானும் கேட்கல" என்று சொல்லி, ஒரு ரசீதின் பின்பக்கம் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

மூன்று வாரம் அந்த ரசீது கைப்பையில் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வரி எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப்போய், தங்கையிடம் எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னாள். தங்கைக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. "ஒன்பது செகண்டா? அதுக்கா அக்கா இவ்வளவு வருஷம்?" என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதில் பதினோரு நாளில் வந்தது. நீளமான கடிதம், நடுவில் எங்கும் மூச்சு விடவில்லை. மனைவி பள்ளியில் இசை சொல்லித் தருகிறாளாம். மகனுக்குப் பத்தொன்பது வயது. முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக் கருவி வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது. இப்போது ஒரு ஆற்றில், அணையோரம் மீன்கள் ஏறிப்போக வைத்த வழியில், கேமராவை வைத்து மீன் எண்ணுகிறானாம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கடைசியில் கேட்டிருந்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நீ கேளேன்" என்றாள் தங்கை. "ஏன் அந்த வரியை மாத்தினேன்னு கேளேன்."

"கேட்டா அவன் பதில் சொல்லணும். அப்புறம் அந்தப் பதிலை அவன் எங்க வெச்சுப்பான்? அங்க ஒரு வீடு இருக்கு" என்றாள் அவள். கேட்க வேண்டும்போல் இருந்தது உண்மை. ஒருமுறை தட்டச்சுச் செய்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அலுவலகத்தைப் பற்றியும் தங்கை மகளின் படிப்பைப் பற்றியும் எழுதி அனுப்பினாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் என்று அது ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே பனி உருகிய மாதத்தில் ஒரு சின்னக் காணொளி அனுப்பினான். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர், அதில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் மீன்கள். கருவி சிலநேரம் தப்பாக எண்ணிவிடுகிறது, மனிதக் கண்ணும் வேண்டியிருக்கிறது, உன் கணக்கு எத்தனை என்று கேட்டிருந்தான். அவள் மதிய உணவு வேளையில், கதவைச் சாத்திவிட்டு எண்ணினாள். பன்னிரண்டு என்று எழுதினாள்.

பதினாலு என்று பதில் வந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள்.